தலைப்பு இருக்கு... கட்டுரை எங்கே?

ஆய்வேடு கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. கட்டுரையின் தலைப்பு கையில் இருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழக நூலகத்தில் காலையில் நுழையும் மாணவர் மாலையில் வெறுங்கையோடு திரும்புகிறார். ஏன்?

பழைய அச்சு இதழ்களைப் பொறுத்தவரை, நூலகப் பட்டியலில் பெரும்பாலும் பத்திரிகையின் பெயர்தான் இருக்கும். உள்ளே வந்த கட்டுரைகளின் பெயர் இராது. கட்டுரைத் தலைப்பை வைத்துத் தேடினால், "இல்லை" என்றுதான் பதில் வரும்!

துப்பு இதோ!

கட்டுரையைப் பற்றிச் சொன்ன புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பத்திரிகையின் பெயரோடு துப்பு கிடக்கிறது. '12(3): 45–52' என்றிருந்தால் 12-வது தொகுதி, 3-வது இதழ், 45 முதல் 52 வரை பக்கங்கள். ஆண்டையும் சேர்த்துச் சீட்டில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிஞ்சாச்சு. பழைய இதழ்களைத் தொகுதிவாரியாக பைண்டு செய்து அடுக்கியிருப்பார்கள்.

பிளேடு ஆசாமிகள்

தொகுதி கிடைத்தும் பக்கம் இல்லாமல் போவதுண்டு. எவனோ பிளேடால் அறுத்துச் சுருட்டியிருப்பான்! நூலகரிடம் சொன்னால், வேறு நூலகத்திலிருந்து நகல் தருவிக்க வழி பார்ப்பார்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-ல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் ஒன்று. வாசகரும் தன் பங்குக்கு, எடுத்த தொகுதியைக் கண்ட இடத்தில் சொருகாமல் மேஜை மேலேயே விட்டு வரலாம்.

இடம் மாறிய தொகுதி, தொலைந்த தொகுதிதான்!