பூச்சிமருந்தும் மனம் உடைந்த குடியானவரும்

தற்கொலையைப் பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். கிராமங்களில் நேரும் தற்கொலைகளில் பெரும்பங்கு பயிருக்கென வாங்கிய பூச்சிமருந்தினாலேயே நேர்கின்றமையால் இது விவசாயத்திற்கு உட்பட்ட விஷயமேயாம். கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையாயினும் வேறெவ்வூராயினும், தெளித்து மிஞ்சிய மருந்து வீட்டுப் பரணில் கிடப்பது வழக்கமாயிருக்கின்றது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்கு நெடுநாள் உறுதியாய் நிற்பதன்று. அதன் வேகம் சில நிமிஷங்களிலோ மணிகளிலோ தணிந்துவிடும். அவ்வேளையில் விஷம் கைக்கெட்டாதிருப்பின் உயிர் தப்பும். தப்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் மடிவதில்லை. இலங்கையில் 1995 முதல் கொடிய மருந்துகள் படிப்படியாய்த் தடுக்கப்பட்டபின், இருபதாண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் நூற்றுக்கு எழுபது குறைந்தது. விளைச்சல் அதனால் குன்றியதாகத் தெரியவில்லை. கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் மருந்துகளைப் பொதுக் கட்டடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாடு நடத்திப் பார்க்கப்பட்டது. அங்கே தற்கொலைகள் குறைந்ததாக 2013-இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. சோதனை சிறிதே, எனினும் நம் கிராமங்களிலும் கைக்கொள்ளத் தக்கது. அதுவரை, வேண்டிய அளவே வாங்குவதும், மிஞ்சியதை வீட்டிற்கு வெளியே பூட்டிச் சாவியைப் பொறுப்புள்ள வேறொருவரிடம் கொடுப்பதும் நலம்.

முன்னறிகுறிகள் இல்லாமல் போவதில்லை, கவனிப்பார்தான் குறைவு. பயிர் பொய்த்துக் கடன் முற்றியபின் ஒருவர் உறக்கமின்றி வயற்பக்கம் போகாதிருத்தல், குடி மிகுதல், “நான் இருப்பதே உங்களுக்குப் பாரம்” என்னும் பேச்சு, உழவுமாட்டைக் காரணமின்றிப் பிறருக்குக் கொடுத்தல், நெடுநாள் துயரத்திற்குப் பின் திடீரென அமைதியடைதல் ஆகியவற்றை அற்பமாய் எண்ணலாகாது. முன்பொருமுறை முயன்றவர்பால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். “சாக நினைக்கிறீர்களா?” என்று நேரே கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்காது, மனப்பாரம் குறைவதே பெரும்பான்மை. கேட்டபின் அவரைத் தனியே விடலாகாது. கடன் நிலுவையும் பயிர்ச் சேதமும் முதலில் தெரியவருவது கிராம நிர்வாக அலுவலருக்கே. ஆதலின் ஒரு நல்ல வார்த்தை அவரிடமிருந்தே தொடங்கலாம்.

போலீசுக்கு அஞ்சி மறைப்போர் இன்னும் உளர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முயன்றவர் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருதப்படுவார், அவரைத் தண்டிப்பதற்கில்லை. ஆலோசனைக்கு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், 104-இலும் கேட்கலாம். சென்னையில் 1986-இல் தொடங்கிய சிநேகா நிலையத்தின் எண் 044-24640050.

மருந்தை உட்கொண்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைக்கவேண்டும். சாணக்கரைசல், உப்புநீர் முதலியன புகட்டுதல் தீங்கேயாகும். மருந்துப் புட்டியை உடன் கொண்டு சென்றால் வைத்தியருக்கு உதவியாயிருக்கும்.