கேப்டன் பதவி வேண்டாமாம்!

பிரமோஷனை யாராவது வேண்டாம் என்பார்களா? நம் வீட்டில் என்றால், "பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்றுதான் கேட்போம். ஆனால் அமெரிக்காவில் அப்படி ஒரு கூத்து நடந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஓராண்டில் அறிவித்த கேப்டன் இடங்களில் ஏறத்தாழ பாதிக்கு ஆளே வரவில்லை என்று 2023ல் செய்தி வந்தது. தகுதியுள்ள விமானிகள் இல்லாமலா? இருந்தார்கள்! "இப்போதைக்கு வேண்டாம், துணை விமானியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

காரணத்தைக் கேட்டால், அது ஆகாயத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி எழுதத் தோன்றியது.

முதலில் விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உள்ளே ஏறியதும் நடுவில் ஒரே நடைபாதை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று இருக்கை என்றால் அது சின்ன விமானம். போயிங் 737, ஏர்பஸ் 320 எல்லாம் இந்த ரகம். இரண்டு நடைபாதை இருந்தால் பெரியது; போயிங் 777, 787, ஏர்பஸ் 350 போல, கடல் தாண்டிப் போகிறவை. இரண்டிலும் இடது பக்க இருக்கை கேப்டனுக்கு, வலது பக்கம் துணை விமானிக்கு. சட்டைத் தோளில் கேப்டனுக்கு நாலு பட்டை, மற்றவருக்கு மூன்று.

சில வருஷம் சர்வீஸ் ஆன ஒரு விமானிக்கு முன்னால் இரண்டு கதவு திறக்கிறது. சின்ன விமானத்தில் கேப்டன் ஆகலாம். அல்லது பெரிய விமானத்தில் வலது பக்கமே உட்காரலாம். எது மேல்? பார்க்கிறவர்களுக்கு, கேப்டன்தான் என்று சட்டென்று தோன்றும். சம்பளமும் பெரும்பாலும் அதில்தான் கூடுதல். ஆனால் அமெரிக்க விமானக் கம்பெனிகளில் பட்டையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதுதான் சீனியாரிடி எண்!

வேலையில் சேர்ந்த தேதிப்படி ஒவ்வொரு விமானிக்கும் ஒரு எண். எந்த ஊரில் இருப்பது, எந்த விமானம், எந்த இருக்கை, இந்த மாதம் எந்தெந்த நாள் பறப்பது, லீவு எப்போது — எல்லாவற்றுக்கும் விருப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். மேலே இருப்பவர் கேட்டதை எடுத்துக்கொண்டபின் மிச்சம் கீழே வரும். கெட்டிக்காரத்தனம், சிபாரிசு எதுவும் செல்லாது. வேறு கம்பெனிக்கு மாறினாலோ, இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் மறுபடி கடைசி எண்தான்.

இதில் ஒரு வேடிக்கை. கம்பெனி முழுவதற்குமான எண் ஒன்றானாலும், எந்த இருக்கையில் உட்காருகிறாரோ அந்த வரிசைக்குள்தான் போட்டி. அதே மனிதர் துணை விமானிகள் வரிசையில் நூற்றுக்கு நாற்பதாவதாக இருப்பார். கேப்டன்கள் வரிசைக்குப் போனால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாவது. தொப்பியும் நாலு பட்டையும் வந்துவிடும். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் கடைசி மருமகள் கதைதான்! கிறிஸ்துமஸ் அன்று யார் பறப்பது? அவர்தான். பிள்ளையின் பிறந்த நாளன்று? அவர்தான்.

அதோடு 'ரிசர்வ்' என்று ஒன்று. வரிசையில் கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிச்சயமான பயணம் கிடையாது. போன் பக்கத்தில் காத்திருக்கவேண்டும். யாராவது விமானிக்குக் காய்ச்சல் என்றால், ஓரிரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்கவேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். வீடு ஓர் ஊரில், வேலைக்குக் கிளம்பும் விமான நிலையம் வேறு ஊரில் என்று இருப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவும் முடியாது. விமான நிலையத்தருகே நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில், அடுக்குக் கட்டிலில் படுத்துக் காத்திருப்பார்கள். கூப்பிடாமலே நாலு நாள் கழிந்துவிடுவதும் உண்டு. ஒரு கேப்டனுக்கு இந்தக் கோலம்!

எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். பெரிய விமானத்துத் துணை விமானி மாதத்தில் மூன்று நாலு நெடும்பயணம் போனால் போதும், பறக்கும் மணி நிரம்பிவிடும். மிச்ச நாளெல்லாம் வீடு. மிக நீண்ட பயணத்தில் நாலு விமானிகள் போவார்கள். முறை வைத்துத் தூங்கலாம். 2021 ஜனவரியில் ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் 777ஐ நாலு பெண்களே ஓட்டிவந்தார்களே, நினைவிருக்கிறதா? சுமார் 17 மணி நேரப் பயணம் அது. அவர்களும் மாற்றி மாற்றி ஓய்வெடுத்துத்தான் வந்திருப்பார்கள்.

"அப்போ பெரிய விமானம்தான் சுகம்!" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடம்பு சொல்லும் கணக்கு வேறு. கண்டம் தாண்டிப் போனால் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் உடனே மாறாது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம். அது சரியாவதற்குள் திரும்பி வந்தாகிவிடும். வீட்டில் இருக்கும் நாளிலும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு, பகல் மூன்று மணிக்குச் சொக்கல். 'வீட்டில் பதினைந்து நாள்' என்பதில் எத்தனை நாள் மனிதர் நிஜமாகவே வீட்டில் இருக்கிறார் என்று மனைவிதான் சொல்லவேண்டும். உயரே, துருவத்தின் பக்கம் பறக்கப் பறக்க விண்வெளிக் கதிர்வீச்சும் கூடுதலாகப் படும். கருவுற்றிருக்கும் பெண் விமானிகள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

சின்ன விமானம் மட்டும் என்ன, சும்மாவா? ஒரே நாளில் மூன்று நாலு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும். விடியற்காலை மூன்றரைக்கு அலாரம். விமான நிலையத்து ரொட்டியே சாப்பாடு. மழை, மின்னல், தாமதம், பயணிகள் கோபம் எல்லாவற்றுக்கும் கேப்டன் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் ராத்திரி எந்த ஊரில் படுத்தாலும் அநேகமாக வீட்டுக் கடிகாரத்தை ஒட்டிய நேரம்தான். தூக்கத்துக்கு இது ஒரு பெரிய வரம் என்பேன்.

அமெரிக்காவில் நாற்பது வயதைத் தாண்டிய கம்பெனி விமானி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையில் தேறவேண்டும். தேறாவிட்டால் பறக்க முடியாது. எனவே ரத்த அழுத்தமும் தூக்கமும் அவர்களுக்கு நமக்கு இருப்பதைப் போன்ற சொந்த விஷயம் அல்ல. சம்பளமே அதில்தான் இருக்கிறது.

தொழில் பக்கமும் ஒன்று உண்டு. பெரிய விமானத்தில் இறங்கும் வாய்ப்பே குறைவு. ஒரு பயணத்துக்கு ஒரு தரையிறக்கம். அதற்கு விமானிகள் மூன்று, நாலு பேர்! 90 நாளில் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த எண்ணிக்கைக்காகவே சிலர் சிமுலேட்டர் என்கிற பயிற்சிக் கூண்டுக்குப் போய்வருவார்கள். சின்ன விமானத்துக் கேப்டனுக்கோ கை ஓயாது. முடிவெடுத்து முடிவெடுத்தே பழக்கம் வரும். இதை வேண்டித்தான் சிலர் கஷ்டம் தெரிந்தே இடது பக்கம் போகிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஓய்வுக்கால நிதிக்குக் கம்பெனி போடும் பணமும் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. ஆகவே முப்பத்தைந்து வயதில் வரும் கூடுதல் சம்பளம், அறுபத்தைந்தில் பெரிய தொகையாகி நிற்கும்.

பெரிய விமானத்தை நம்பி இருப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2020ல் கொரோனா வந்து வெளிநாட்டுப் பயணமே நின்றபோது, டெல்டா நிறுவனம் தன்னிடமிருந்த 777 விமானங்கள் பதினெட்டையும் மொத்தமாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. அவற்றை ஓட்டியவர்கள் வேறு விமானத்துக்குப் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று.

ஆக, இந்தக் கேள்வியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஓட்டுகிறவர் மனைவியாக இருந்தாலும் அப்படியே. "கேப்டன் ஆகணுமா?" என்று கேட்டுப் பயனில்லை. "அந்த வரிசையில் எத்தனையாவது? ரிசர்வ் எத்தனை மாதம்? நம்ம ஊரிலிருந்தே கிளம்பலாமா, இல்லை இன்னொரு ஊருக்குப் போய்க் கிளம்பணுமா?" இப்படிக் கேட்டால் பதில் தானாக வரும். விமான நிலையத்துக்கு அரை மணி தூரத்தில் வீடு இருந்தால் ரிசர்வ்கூட அவ்வளவு கொடுமை இல்லை. சொந்தக் கட்டிலில் படுத்துக் காத்திருக்கலாம். அந்த வீட்டார் தாராளமாகக் கேப்டன் பதவியை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு கைக்குழந்தை, விமானமேறிப் போய்ச் சேரவேண்டிய வேலை இடம் என்றால், நாலாவது பட்டை கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்பது என் கட்சி. பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்ட வீட்டில் இதே கணக்கு தலைகீழாகும்.

வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு நஷ்டமும் இல்லை. அவர்கள் எண் எங்கும் ஓடிவிடாது. அமெரிக்காவில் 65 வயதானால் கம்பெனி விமானி இறங்கியே ஆகவேண்டும் என்று 2007 முதல் சட்டம் இருக்கிறது. மேலே இருப்பவர் ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே உள்ள அத்தனை பேரும் ஒரு படி ஏறுவார்கள். அடுத்த காலியிடப் பட்டியல் வரும்போது மறுபடி விருப்பம் எழுதிக் கொடுக்கலாம்.