உங்களுக்குத் தெரியுமா? நுரையீரலுக்குள் நடக்கும் பங்கீடு

நிமிர்ந்து நிற்கும்போது நுரையீரலின் உச்சிக்கும் அடிக்கும் ரத்தம் சமமாகப் போவதில்லை. நுரையீரல் தமனியில் அழுத்தம் குறைவு. புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறத் திணறும் ரத்தம், அடிப்பகுதியில்தான் அதிகம் பாய்கிறது. காற்றும் அப்படித்தான், ஆனால் அதில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இல்லை. அதனால் உச்சியில் ரத்தத்துக்கு மிஞ்சிய காற்று. ஆக்சிஜனும் அங்கே கூடுதல். பெரியவர்களின் காசநோய் பெரும்பாலும் மேல்பகுதியைப் பிடிப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு விந்தை. கை கால் தசைகளில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். நுரையீரலிலோ சுருங்கும்! சளி அடைத்த மூலைக்கு வீணாகப் போகாமல், காற்று வரும் பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடும் அருமையான ஏற்பாடு இது. 1946-இல் பூனைகளிடம் இதைக் காட்டியவர்கள் சுவீடனின் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும்.

கொரோனா காலத்தில் மூச்சுத் திணறிய பலரைக் குப்புறப் படுக்கவைத்தபோது ஆக்சிஜன் அளவு ஏறியதற்கு, காற்றும் ரத்தமும் இப்படிப் பொருந்தி வந்ததே ஒரு முக்கியக் காரணம்.