பெயரற்ற பங்களிப்பாளர்: ஹாலே மடல்களும் கட்டற்ற மென்பொருள் ஆவணமாக்கமும்

கட்டற்ற மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது நிரல் எழுதுவதினும் தாழ்ந்த பணி என்னும் எண்ணம் இன்றும் நிலவுகிறது. பலர் கூடி எழுதும் ஆவணத்தில் ஒவ்வொருவர் பங்கும் ஏன் பதிவாக வேண்டும் என்பதை, ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறிய ஒரு மடல் தொகுப்பு தெளிவாக்குகிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர்தம் உடன்பணியாளர் கிருண்ட்லரும், 1712 முதல் 1714 வரை உள்ளூர்த் தமிழரிடம் சமயம், சடங்கு, வாழ்க்கைமுறை குறித்து மடல்வழி வினவினர். தமிழில் வந்த விடைகள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, விளக்கக் குறிப்புகளுடன் ஹாலேயில் வெளியாயின: 1714இல் 55 மடல்கள், 1717இல் 44 மடல்கள். எழுதிய தமிழரின் பெயர்கள் அச்சில் இடம்பெறவில்லை. மொழிபெயர்ப்பாளர் அழகப்பன் பல மடல்களை எழுதியிருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். எனினும் எக்கருத்து எவருடையது, பெயர்ப்பில் எது மாறியது என்பவற்றை அச்சுப்படி மட்டும் கொண்டு பிரித்தறிதல் இயலாது.

கட்டற்ற மென்பொருள் உலகம் இக்குறையை நடைமுறையாலும் உரிமத்தாலும் தவிர்க்க முயல்கிறது. 2005இல் தோன்றிய 'கிட்' கருவி, ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் பெயர், நாள், காரணக் குறிப்பு ஆகியவற்றுடன் சேமிக்கிறது. 2000இல் வெளியான குனு கட்டற்ற ஆவண உரிமம், திருத்திய பதிப்பின் முகப்பில் திருத்தியவரோடு மூல ஆசிரியருள் முதன்மையான ஐவரையேனும் குறிக்கவும், பதிப்பு வரலாற்றைக் காக்கவும் பணிக்கிறது. ஐவருக்குக் குறைவாயின் அனைவரையும் குறித்தல் வேண்டும்.

தமிழுக்கு இதன் பயன் பெரிது. ஒரு கையேடு 'கோப்புறை' என்றும் மற்றொன்று 'அடைவு' என்றும் வழங்கினால் புதிய பயனர் இடருறுவர். ஒரு சொல்லைத் தேர்ந்த காரணம் திருத்தக் குறிப்பில் இருந்தால், பின்வருவோர் அதே விவாதத்தை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. படிகளைத் தாமே செய்துபார்த்துப் பிழை களைதல், மென்பொருளின் பதிப்பு எண்ணைக் குறித்தல், கலைச்சொற்பட்டியல் அமைத்தல் ஆகியவையும் நிரலறியாதோர் ஆற்றத்தக்க பங்களிப்புகளே. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ், இத்தகைய எழுத்துக்குத் தமிழில் இடமுண்டு என்பதற்குச் சான்று.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இப்பணியை ஆய்வுப் பங்களிப்பாக மதிப்பிடுதல் வேண்டும். அதற்கான சான்று திருத்த வரலாற்றிலேயே உள்ளது. தரங்கம்பாடித் தமிழருக்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை.