கண் காண்கிறது, மூளை அறிகிறது

அந்தி வேளையில் தரையில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிவதுண்டு. விளக்கை ஏற்றியதும் பாம்பு மறைந்து கயிறு தெரிகிறது. இடையில் நடந்தது என்ன? முதலில் கண்ணிலிருந்து மூளைக்குப் போதிய செய்தி செல்லவில்லை. குறைந்த பகுதியை மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொண்டது.

விழித்திரையில் விழும் ஒளி, நரம்புத் துடிப்புகளாக மாறி மூளையின் பின்புறத்தை அடைகிறது. கோடுகளும் விளிம்புகளும் அங்கே பிரித்தறியப்படுகின்றன. பிறகு செய்தி இரு வழிகளில் செல்கிறது. மேல்வழி 'எங்கே இருக்கிறது?' என்பதையும், காதுப்பக்கமாகச் செல்லும் கீழ்வழி 'என்ன பொருள்?' என்பதையும் ஆராய்கின்றன. இவ்விரு வழிகளைப் பற்றி அங்கர்லைடர், மிஷ்கின் என்னும் இரு அறிவியலார் 1982-இல் விளக்கினர்.

இந்த ஏற்பாட்டைப் பார்க்கின்சன் நோய் எவ்வாறு பாதிக்கிறது என்று பார்ப்போம். 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்க நோயை விவரித்தபோது, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே எழுதினார். பார்வையும் பாதிக்கப்படலாம் என்பதை இன்று நாம் அறிவோம்.

நடுமூளையில் டோப்பமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் கைகால் நடுக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன. அதே டோப்பமின் விழித்திரையிலும் பணிபுரிகிறது. அங்கு அது குறையும்போது, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை அறியும் திறனும் குறைகிறது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் கரிய மையால் ஒரு சொல்லையும், மங்கலான பென்சிலால் இன்னொரு சொல்லையும் எழுதி, மாலை இருட்டும் நேரத்தில் நோக்குங்கள். முதற்சொல் தெரியும், மற்றது மறைந்துவிடும். நோயாளியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கண் மருத்துவர் காட்டும் கரிய எழுத்துகளை அவர் சரியாகப் படித்துவிடக்கூடும். ஆனால் வெள்ளைத் தட்டிலுள்ள தயிர்ச்சோறும், சாம்பல் நிறப் படியின் விளிம்பும் அவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

சிலருக்கு நாளடைவில் மூளையின் பார்வைப் பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன. பாதி மறைந்த பொருள்களையும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றையும் இனங்காண அவர்கள் தடுமாறுவர். ஆணியில் தொங்கும் சட்டை மனிதனாகத் தோன்றும். இல்லாத ஆளோ விலங்கோ இருப்பதாகக் கூடத் தெரியலாம்.

இதைப் பேய் என்றோ பைத்தியம் என்றோ எண்ணி அவரை மருட்டக் கூடாது. 'பொய் சொல்கிறீர்கள்' என்று கடிந்துகொள்வதும் தவறு. உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. விளக்கைப் போட்டு, அருகே அழைத்துச் சென்று சட்டையைத் தொட்டுக் காட்டுங்கள். நோய்க்கு உண்ணும் சில மருந்துகளாலும், காய்ச்சல் போன்ற பிற நோய்களாலும் இத்தோற்றங்கள் மிகலாம். ஆகவே மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்யலாம். படிகளின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணம் தீட்டலாம். சோற்றை அடர்நிறத் தட்டில் பரிமாறலாம். இரவில் நடைவழியில் ஒரு விளக்கு எரியட்டும். மூளை ஊகித்து நிரப்ப வேண்டியது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு நோயாளியின் அச்சமும் தடுமாற்றமும் குறையும்.