மறுபடியும் எதற்கு ஸ்கேன்?

தவளக்குப்பத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவதென்றால் புதுச்சேரி நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக முழுக்கக் கடக்க வேண்டும். தலையில் கட்டி என்று சொல்லப்பட்டவரையும் ஃபிலிம் கவரையும் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போகிறவர்களிடம், "ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு எம்ஆர்ஐ வேண்டும்" என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். அங்கே என்றில்லை, மூளை அறுவை சிகிச்சை நடக்கும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இப்படிக் கேட்கலாம். பணம் பிடுங்கும் வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் வேறு.

நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் ஸ்கேனில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனுக்கு இருக்கும், நடுவே இடைவெளியும் விடுவார்கள். கட்டி இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் அந்தப் படங்களை அடுக்கி கணினியில் முழு மூளையை எழுப்ப அது போதாது. வாழைத்தண்டைப் பெரிய பெரிய வில்லைகளாக நறுக்கி, இடையில் சிலவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு, மறுபடி தண்டாகச் சேர்க்க முடியுமா? அதனால்தான் சுமார் 1 மி.மீ. அளவில், இடைவெளி விடாமல் மறுபடி எடுக்கிறார்கள்.

அப்படி எழும்பும் முப்பரிமாண மூளையில் கட்டிக்கு ஒரு நிறம், ரத்தக்குழாய்க்கு ஒரு நிறம் கொடுக்கலாம். பேசும்போது எந்தப் பகுதி வேலை செய்கிறது, கை கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் கட்டியை ஒட்டிப் போகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதையும் சிறப்பு எம்ஆர்ஐ முறைகளால் சேர்த்துக்கொள்ளலாம். மண்டையோட்டை எங்கே திறப்பது, எந்த வழியாக இறங்குவது என்பதைக் கத்தி எடுப்பதற்கு முன்பே திரையில் ஒத்திகை பார்த்துவிடலாம். பாஸ்டனில் 1990களின் இறுதியில் உருவான 'த்ரீ-டி ஸ்லைசர்' போன்ற இலவச மென்பொருள்கூட இதற்கு இருக்கிறது. ஆராய்ச்சிக்கென்று வந்ததுதான், சாதாரணக் கணினியிலேயே ஓடும்.

அறுவை அரங்கில் இந்தப் படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்வதற்கு 'நியூரோநேவிகேஷன்' என்று பெயர். அசையாதபடி பிடித்து வைத்த தலையையும் திரையில் உள்ள படத்தையும் முதலில் பொருத்துவார்கள். பிறகு மருத்துவர் கையிலுள்ள கருவியை அகச்சிவப்புக் கேமரா கண்காணித்து, மூளைக்குள் அதன் முனை நிற்கும் இடத்தைச் சில மில்லிமீட்டர் பிழைக்குள் காட்டும்.

இதை வெளிநாட்டுப் புதுமை என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். 1960களில் அவரோடு வே. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோர், தலையில் அளவுச் சட்டம் பொருத்தி, எக்ஸ்ரேயில் கணக்குப் போட்டு, ஆழத்தில் உள்ள புள்ளியைத் தொட்டார்கள். முதல் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டதே 1971இல்தான். திரையில் மூளையே தெரியாத காலத்தில் முப்பரிமாணம் அவர்கள் கணக்கில் இருந்தது. கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என்று போற்றப்படுபவர்.

அதே சென்னையில் 2024 டிசம்பரில் ஐஐடி, கருச்சிசுக்களின் மூளைகளை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது. அது ஆய்வுக்கான பொது வரைபடம். ஆபரேஷனுக்கோ அவரவர் மூளையின் படம்தான் வேண்டும்.

அந்தப் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மண்டையோட்டைத் திறந்து, உள்ளிருக்கும் நீர் வடிந்ததும் மூளை தன் எடையாலேயே அமுங்கும். கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். சில சமயம் ஒரு சென்டிமீட்டர் வரைகூட. காலையில் சரியாக இருந்த வரைபடம் மதியம் பொய் சொல்லும். அறுவை நடுவிலேயே அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துத் திருத்தலாம். ஆனால் அறுவை அரங்கிலேயே எம்ஆர்ஐ வைக்க ஏகப்பட்ட செலவாகும். நோயாளியை விழிப்போடு வைத்துப் பேசச் சொல்லி, பேச்சுப் பகுதியைக் காப்பாற்றும் முறை இன்றைக்கும் தேவைப்படுவது இதனாலும்தான். கருவி வழிகாட்டும், அவ்வளவே. எங்கே நிறுத்துவது என்பதை மருத்துவரின் அனுபவம்தான் தீர்மானிக்கிறது.

தவளக்குப்பத்துக்குப் பக்கத்திலுள்ள அபிஷேகப்பாக்கமோ நல்லவாடோ, எங்கிருந்து கிளம்பினாலும், ஸ்கேன் எடுத்த இடத்தில் ஃபிலிமோடு நிற்காமல் படங்கள் பதிந்த சிடி வட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமிலிருந்து முப்பரிமாணப் படம் உருவாக்க முடியாது. வட்டில் மெல்லிய வெட்டுகள் இருந்தால் இரண்டாவது ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம்.