காசு கொடுத்தால் மட்டும் போதுமா?

வவுனியாவில் தையல் கடை திறக்கும் ஒரு சகோதரி, கடைக்கான சின்னத்தை வடிவமைப்பு நிறுவனமொன்றில் வரைவித்துக் காசும் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் முல்லைத்தீவில் கிளை திறக்கும்போது, “சின்னம் எங்களுடையது, மறுபடியும் காசு தாருங்கள்” என்று கேட்டால்?

கேட்க இடமுண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை படைத்தவருக்கே உரியது. ஊழியர் தமது வேலையாக வரைந்தால், வேறு உடன்பாடு இல்லாவிடில் முதலாளிக்கு உரியது. உரிமை கைமாற, எழுத்தும் இருதரப்புக் கையொப்பமும் வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, முற்பணம் கொடுக்குமுன் பேசுங்கள். விலை கூடினாலும் முழு உரிமையை எழுதி வாங்குங்கள். முடியாவிட்டால், எங்கெங்கே பயன்படுத்தலாம் என்ற அனுமதியையாவது பெறுங்கள். நீங்களே பூவேலை வரைபவரானால், இதே சட்டம் உங்களுக்கும் காவல். வாசித்துப் பாராமல் கையொப்பமிடாதீர்கள்!